ஒரே நாளில் ஒன்பது கோயில்... அவசரத்தில் எதைப் பார்க்காமல் வருகிறோம்?

சனி, ஞாயிறு விடியற்காலையில் கும்பகோணத்தில் தங்கும் விடுதிகள் இருக்கும் தெருக்களில் நின்று பார்த்தால் ஒன்று புரியும். ஐந்து மணிக்கே வேன்கள் வரிசையாக நிற்கும். தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிய குடும்பங்கள் தூக்கக் கலக்கத்தோடு ஏறும். பாட்டிக்கு ஜன்னலோர சீட், பிள்ளைகளுக்குப் பின் சீட். ஓட்டுநர் கையில் ஒரு பட்டியல் இருக்கும்: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, ராகு, கேது. ராத்திரிக்குள் ஒன்பதும் முடிய வேண்டும்.

இந்த ஒருநாள் யாத்திரைக்கு இருக்கும் வரவேற்பைப் பார்த்து, அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024-ல் கும்பகோணத்திலிருந்து வார இறுதி நவகிரகச் சிறப்புப் பேருந்தைத் தொடங்கியது. தொடங்கியபோது கட்டணம் ஒருவருக்கு 750 ரூபாய். தனி வண்டி வைக்க முடியாத குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. ஒருநாள் மட்டுமே லீவு கிடைக்கிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால், இரண்டு மூன்று நாள் கையில் இருந்தும் ஒரே நாளில் ஓடி முடிக்கிற குடும்பங்கள்தான் அதிகம். அப்படி ஓடும்போது விட்டுப்போவது என்ன என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு

ஒன்பது கோயில்களும் ஒரே மாவட்டத்தில் இல்லை. சூரியனார்கோவில், திங்களூர், கஞ்சனூர், திருநாகேஸ்வரம் நான்கும் தஞ்சாவூர் மாவட்டம். ஆலங்குடி திருவாரூர் மாவட்டம். வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூன்றும் மயிலாடுதுறை மாவட்டம். திருநள்ளாறு தமிழ்நாட்டிலேயே இல்லை. புதுச்சேரி மாநிலத்தின் காரைக்கால் பகுதியில் இருக்கிறது.

மேற்கே திங்களூர் கும்பகோணத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். கிழக்கே திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும் கடலோரத்தை ஒட்டியவை. எல்லாவற்றையும் சுற்றித் திரும்பினால் 200 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். டெல்டா கிராமச் சாலைகளில் மணிக்கு 35 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்குத் திரும்பினால் மொத்தம் 15 மணி நேரம். சாலையில் ஏழு மணி நேரம், சாப்பாட்டுக்கும் காபிக்கும் இரண்டு மணி நேரம் போனால், மிச்சம் ஆறு மணி நேரம். ஒன்பதால் வகுத்தால் ஒரு கோயிலுக்கு 40 நிமிடம்.

அந்த 40 நிமிடத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டும், செருப்பு விட வேண்டும், அர்ச்சனைத் தட்டு வாங்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். கூட்ட நாளென்றால் சந்நிதி முன்னால் நிற்கக் கிடைப்பது ஒரு நிமிடம்கூட இருக்காது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான கோயில்கள் நண்பகல் 12 அல்லது 12.30 மணிக்கு நடை சாத்தினால், மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். பதினொன்றரை மணிக்கு ஒரு கோயிலில் இருக்கும் குடும்பம், 'அடுத்த கோயில் மூடிவிடுமே' என்ற பதற்றத்திலேயே சாமி கும்பிடுகிறது. வயதானவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிற காட்சியைப் பதினொன்றே முக்கால் மணிக்கு எந்த நவகிரகக் கோயில் வாசலிலும் பார்க்கலாம்.

கிரகத்தைப் பார்த்தாச்சு... சாமி?

நேரம் போதாதபோது முதலில் விடுபடுவது மூலவர். இதுதான் வேடிக்கை. வேனிலிருந்து இறங்குகிறவர்கள் நேராகக் கேட்பது, "சனீஸ்வரன் எந்தப் பக்கம்?", "ராகு சந்நிதி எங்கே?" என்றுதான். அங்கே அர்ச்சனை முடிந்ததும் வண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கோயில் யாருடையது, அம்பாள் பெயர் என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

ஒன்பதில் எட்டு, சிவன் மூலவராக வீற்றிருக்கும் கோயில்கள். சூரியனார்கோவிலில் மட்டுமே கிரகம் மூலவர். ஒன்பதில் ஆறு, தேவாரப் பாடல் பெற்ற தலங்கள்: கஞ்சனூர், திருநாகேஸ்வரம், ஆலங்குடி, வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, திருநள்ளாறு. இந்த ஊர்களுக்கு வந்த சம்பந்தரும் அப்பரும் இவற்றைச் சிவத்தலங்களாகவே பாடினார்கள். கிரகங்களைப் பற்றிச் சம்பந்தர் பாடவே இல்லையா என்றால், பாடியிருக்கிறார். கோளறு பதிகம் அதுதான். அது பிறந்த இடம் திருமறைக்காடு என்கிற வேதாரண்யம். நாளும் கோளும் அடியவர்களை வருத்தாது, நல்லதே செய்யும் என்பதுதான் அந்தப் பதிகம் முழுக்கச் சொல்லும் சேதி.

கிரகங்களை மட்டும் கும்பிட வேண்டுமென்றால் இவ்வளவு தூரம் வரவே வேண்டாம். நம் தெருக்கோடி சிவன் கோயிலிலேயே ஈசானிய மூலையில் ஒன்பது பேரும் நிற்கிறார்கள். அத்தனை கிலோமீட்டர் வருவதே அந்தந்த ஊரையும் அந்தந்தக் கோயிலையும் பார்க்கத்தானே? அப்படி ஒவ்வொரு ஊரிலும் பார்க்க என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

திங்களூர்: பார்க்காமலே அன்பு வைத்தவர்

சந்திரனுக்கு உரிய தலம். மூலவர் கைலாசநாதர். குழந்தைகளுக்கு முதல் சோறு ஊட்ட இங்கே கொண்டுவருகிற வழக்கம் உண்டு. வேன் கூட்டம் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடும் இந்தச் சிறிய ஊர்தான், நாயன்மார்களில் ஒருவரான அப்பூதியடிகளின் ஊர்.

அப்பரை ஒருமுறைகூட நேரில் பார்க்காமலே அவர்மேல் பக்தி கொண்டவர் அப்பூதி. பிள்ளைகளுக்கு மட்டுமின்றி, தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் திருநாவுக்கரசர் பெயரையே வைத்தார். ஒருநாள் அப்பரே அந்தப் பந்தல் வழியாக வந்து, வீட்டுக்கு விருந்தாளியாகிறார். வாழை இலை அறுக்கப்போன மூத்த பிள்ளையைப் பாம்பு கடித்துவிடுகிறது. விருந்து தடைபடக் கூடாது என்று பெற்றோர் மகனின் உடலை மறைத்துவிட்டு இலை போடுகிறார்கள். அப்பர் விஷயம் அறிந்து பதிகம் பாட, பிள்ளை உயிர்பெற்று எழுகிறான் என்கிறது பெரியபுராணம்.

பக்கத்திலேயே இருக்கும் திருப்பழனத்துப் பதிகத்தில் அப்பர் இந்த அப்பூதியைப் பெயர் சொல்லியே பாடியிருக்கிறார். பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எது? சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுகொண்டே சொல்லாமல் வண்டி ஏறிவிடுகிறோம்.

ஆலங்குடி: தட்சிணாமூர்த்தியா, குருவா?

கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையில் சுமார் 17 கிலோமீட்டர். தேவாரத்தில் இந்த ஊரின் பெயர் திருஇரும்பூளை. பூளைச் செடி தலவிருட்சம். மூலவர் ஆபத்சகாயேஸ்வரர், அம்பாள் ஏலவார்குழலி. 'ஆபத்தில் உதவுகிறவர்' என்ற பெயரோடு ஒருவர் கருவறையில் இருக்கும்போது, அவரைத் தாண்டி நேராகத் தட்சிணாமூர்த்தியிடம் போய்விடுகிறது கூட்டம்.

தட்சிணாமூர்த்தி சிவபெருமானின் ஞான வடிவம்; நவகிரகத்தில் வரும் குரு, தேவர்களின் ஆசானாகிய பிரகஸ்பதி. இருவரும் வேறு என்று ஆகமம் அறிந்தவர்கள் சொல்வதுண்டு. ஆலங்குடியில் தட்சிணாமூர்த்தியையே குருவாக வணங்குவது வழக்கமாகிவிட்டது. அதில் தவறொன்றும் இல்லை. கல் ஆலமரத்தடியில் மௌனமாக உட்கார்ந்து சீடர்களுக்குப் பாடம் சொன்னவர் முன்னால், கொஞ்ச நேரம் மௌனமாக உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும்.

திருநாகேஸ்வரம்: சேக்கிழாரைக் கட்டிப்போட்ட கோயில்

கும்பகோணத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டர்தான். மற்ற இடங்களில் பாம்புத் தலையோடு காணப்படும் ராகு, இங்கே மனித முகத்தோடு இரு தேவியருடன் இருக்கிறார். ராகு காலத்தில் நடக்கும் பாலபிஷேகத்தில் பால் நீல நிறமாகத் தெரிவதைப் பார்க்கவே கூட்டம் அலைமோதும்.

மூலவர் நாகநாதர், அம்பாள் கிரிகுஜாம்பிகை. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் சோழ நாட்டில் அமைச்சராக இருந்தபோது மனதைப் பறிகொடுத்த கோயில் இது. சென்னைக்கு அருகே, தம் சொந்த ஊரான குன்றத்தூரில் இதே பெயரில் ஒரு திருநாகேஸ்வரத்தைக் கட்டினார். சென்னையிலிருந்து வரும் குடும்பங்கள் தங்கள் ஊர்க் கோயிலின் மூலக் கோயிலைப் பார்க்கிறோம் என்று தெரிந்தே பார்க்கலாம்.

பக்கத்திலேயே ஒப்பிலியப்பன் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாளுக்கு உப்பில்லாமல்தான் நைவேத்தியம். பிரசாதத்தில் உப்பில்லாத குறை தெரியவே தெரியாது என்பார்கள் இந்தப் பக்கத்து மக்கள்.

சூரியனார்கோவில்: முதலில் திருமங்கலக்குடி

முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்த கோயில். ஆடுதுறையிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது. நடுவில் சூரியன், சுற்றிலும் மற்ற எட்டுக் கிரகங்களுக்கும் தனித்தனிச் சந்நிதி. உண்மையில் ஒரே கோயிலில் ஒன்பதையும் நிதானமாகச் சுற்றிக் கும்பிட நினைப்பவர்களுக்கு இந்த ஒரு ஊரே போதும். உடம்புக்கு முடியாத பெரியவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

இங்கே வருவதற்கு முன்னால் அருகிலிருக்கும் திருமங்கலக்குடி பிராணநாதேஸ்வரரைக் கும்பிட்டு வர வேண்டும் என்பது பழைய முறை. நவகிரகங்களே தங்களுக்கு வந்த நோய் தீர இங்கே வழிபட்டார்கள் என்கிறது தலபுராணம். எருக்க இலையில் தயிர்சாதம் படைப்பது அதனால்தான். கிரகங்களுக்கே ஒரு கஷ்டம் வந்தபோது அவர்கள் போய் நின்ற வாசல் அது. வேன் பட்டியலில் பெரும்பாலும் இந்த ஊர் இருக்காது. கேட்டால் ஓட்டுநர் மறுக்கவும் மாட்டார். கூப்பிடு தூரம்தான்.

கஞ்சனூர்: மூலவரே சுக்கிரன்

சூரியனார்கோவிலிலிருந்து வெகு பக்கம். மூலவர் அக்னீஸ்வரர், அம்பாள் கற்பகாம்பிகை. இங்கே சுக்கிரனுக்கெனத் தனியாக ஒரு சந்நிதியைத் தேடி அலைய வேண்டாம். அக்னீஸ்வரரையே சுக்கிரனாக நினைத்து வழிபடுகிறார்கள். ஆகையால் மூலவரைத் தவறவிடவே முடியாத நவகிரகத் தலம் இது ஒன்றுதான்!

வைணவக் குடும்பத்தில் பிறந்து, சிவபக்தியில் ஊறிச் சைவ ஆசாரியரான ஹரதத்தரின் ஊரும் இதுவே. பழுக்கக் காய்ச்சிய முக்காலியின் மேல் அமர்ந்து சிவனின் பெருமையைச் சொன்னார் என்று அவர் கதை பேசுகிறது.

வைத்தீஸ்வரன்கோயில்: மருந்து தரும் வைத்தியர்

தருமபுரம் ஆதீனத்தின் கோயில். பழைய பெயர் திருப்புள்ளிருக்குவேளூர். புள் என்றால் பறவையரசன் சடாயு, இருக்கு என்றால் ரிக் வேதம், வேள் என்றால் முருகன். இவர்களெல்லாம் வழிபட்ட ஊர் என்பதை ஊர்ப் பெயரே சொல்லிவிடுகிறது.

செவ்வாய் தோஷம் என்று ஜாதகத்தில் எழுதியதைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்யாணம் தள்ளிப்போகும் பெண்ணையோ பையனையோ அழைத்துவரும் பெற்றோர்கள்தான் இங்கே அதிகம். ஆனால் கோயிலின் அடையாளமே வைத்தியநாதர். நோய்க்கு மருந்தாகத் தரப்படும் திருச்சாந்து உருண்டை, உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்ளும் வழக்கம், கையில் தைலத்தோடு நிற்கும் தையல்நாயகி, கொள்ளை அழகு செல்வமுத்துக்குமாரர்... அங்காரகன் சந்நிதியோடு திரும்பினால் இவை எல்லாம் போயிற்று.

திருவெண்காடு: மூன்று குளம், இரண்டு ஞானிகள்

மூலவர் சுவேதாரண்யேஸ்வரர், அம்பாள் பிரம்மவித்யாம்பாள். புதனுக்கு உரிய தலம். சூரியன், சந்திரன், அக்னி பெயர்களில் மூன்று தீர்த்தங்கள், முக்குளம் என்பார்கள். சிவபெருமானின் அகோரமூர்த்தி வடிவம் இந்தத் தலத்தின் தனிச்சிறப்பு.

'காதற்ற ஊசியும்' கதையால் நமக்கெல்லாம் தெரிந்த பட்டினத்தார், அருகிலிருக்கும் காவிரிப்பூம்பட்டினத்துக்காரர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் திருவெண்காடர். சிவஞானபோதம் அருளிய மெய்கண்டாரின் இளமைப் பெயர் சுவேதவனப்பெருமாள். பெண்ணாகடத்திலிருந்து பிள்ளை வரம் வேண்டி வந்த பெற்றோர் முக்குளத்தில் நீராடி வழிபட்டு அவரைப் பெற்றதாக வரலாறு. இருவர் பெயரிலும் இந்த ஊர்தான் இருக்கிறது. புதன் கல்விக்கு உரியவர் என்று பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள், இந்த இருவரின் கதையையும் சொல்லிக் கூட்டிப்போகலாம்.

இந்த ஊர் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் உலகப் புகழ் பெற்றவை. காளையின் மீது கைவைத்து ஒயிலாக நிற்பதுபோன்ற ரிஷபவாகன தேவரை இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் பார்க்கலாம். கை வைத்த காளை மட்டும் அங்கே இல்லை. திங்களூர் போகிற வழியில் தஞ்சாவூரையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் அவரைத் தவறவிடாதீர்கள்.

கீழப்பெரும்பள்ளம்: கேதுவும் கடலும்

ஒன்பதிலும் சின்னக் கோயில்களில் ஒன்று. மூலவர் நாகநாதர். கேதுவுக்குக் கொள்ளு படைப்பது வழக்கம். கோயில் சிறியது என்பதால் சீக்கிரம் தரிசனம் முடிந்துவிடும். அந்த மிச்ச நேரத்தில் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பூம்புகாருக்குப் போய் வரலாம். காவிரி கடலோடு கலக்கும் இடம். 1973-ல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கண்ணகியின் கதை முழுக்கக் கல்லில் இருக்கிறது. கோயில்கள் மூடியிருக்கும் மதிய நேரத்துக்குப் பொருத்தமான இடம்.

திருநள்ளாறு: கடைசியில்தான் சனீஸ்வரன்

மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர். சப்தவிடங்கத் தலங்களில் ஒன்று. இங்கே தியாகராஜர் நகவிடங்கர். மதுரையில் சமணர்களோடு நடந்த அனல்வாதத்தில் சம்பந்தர் தீயில் இட்ட ஏடு திருநள்ளாற்றுப் பதிகம் எழுதியது. அது கருகாமல் பச்சையாகவே இருந்ததால் 'பச்சைப் பதிகம்' என்றே அதற்குப் பெயர்.

நளன் சனியின் பிடியிலிருந்து விடுபட்ட தலம். நளதீர்த்தத்தில் நீராடி, பிள்ளையாரை, பிறகு தர்ப்பாரண்யேஸ்வரரை, அம்பாளை வணங்கிவிட்டுக் கடைசியாகத்தான் சனீஸ்வரனிடம் வர வேண்டும் என்பது முறை. நளனுக்கு விடுதலை தந்தவர் உள்ளே இருக்கும் ஈஸ்வரன் என்பதால்தான் இந்த வரிசை. கூட்டம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறது.

குளித்த துணியைக் குளத்திலோ கரையிலோ விட்டுவந்தால் பீடை போகும் என்று நம்பி, குவியல் குவியலாகத் துணி விடுகிறவர்கள் உண்டு. அடுத்து நீராட வருகிறவரின் காலில்தான் அது சிக்கும். பழைய துணியை வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள்; நல்ல துணியாக இருந்தால் அங்கேயே ஏழை ஒருவருக்குக் கையில் கொடுங்கள்.

ஐந்து கிலோமீட்டரில் காரைக்கால். இறைவனே 'அம்மையே' என்று அழைத்த காரைக்கால் அம்மையாருக்கு அங்கே கோயில் இருக்கிறது. ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழா அந்த ஊரின் பெரிய திருவிழா.

எப்படிப் பிரித்துக்கொள்வது?

ஞாயிறு, திங்கள் என்று கிழமை வரிசையில்தான் ஒன்பது கோயிலையும் பார்க்க வேண்டுமோ என்று பலருக்குச் சந்தேகம். அப்படிப் போனால் சூரியனார்கோவிலிலிருந்து மேற்கே திங்களூர், அங்கிருந்து கிழக்குக் கோடி வைத்தீஸ்வரன்கோயில் என்று வண்டி அலைந்துகொண்டே இருக்கும். சாலை வரிசையில் போவதுதான் எல்லோருடைய நடைமுறையும்.

இரண்டு நாள் இருந்தால்: முதல் நாள் கும்பகோணத்தில் தங்கி, காலையில் திங்களூர், ஆலங்குடி. மதியம் அறைக்குத் திரும்பிச் சாப்பாடு, ஓய்வு. மாலை 4 மணிக்குத் திருமங்கலக்குடி, சூரியனார்கோவில், கஞ்சனூர், திரும்பும் வழியில் திருநாகேஸ்வரம். மறுநாள் காலையில் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம். நடை சாத்தும் நேரத்தில் பூம்புகார் அல்லது தரங்கம்பாடி. 1620-ல் டென்மார்க்காரர்கள் எழுப்பிய கோட்டையும், கடலை ஒட்டிய மாசிலாமணிநாதர் கோயிலும் தரங்கம்பாடியில் அருகருகே இருக்கின்றன. மாலை திருநள்ளாறு.

மூன்று நாள் இருந்தால் இன்னும் நல்லது. முதல் நாள் மாலையைத் திருநாகேஸ்வரத்துக்கும் ஒப்பிலியப்பனுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் காலை திருமங்கலக்குடி, சூரியனார்கோவில், கஞ்சனூர், மாலை வைத்தீஸ்வரன்கோயில். மூன்றாம் நாள் கடலோரத்துக் கோயில்களும் திருநள்ளாறும். இரண்டாம் நாள் இரவே மயிலாடுதுறையிலோ வைத்தீஸ்வரன்கோயிலிலோ தங்கிவிட்டால் அலைச்சல் பாதி குறையும். திருநாகேஸ்வரம், ஆடுதுறை, வைத்தீஸ்வரன்கோயில், காரைக்கால் ஆகிய இடங்களில் ரயில் நிலையம் உண்டு. அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் போதும்.

ஒரே ஒருநாள்தான் முடியும் என்பவர்கள், ஒன்பதையும் தொட்டுவிட்டு ஓடுவதற்குப் பதிலாக, கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஐந்தை மட்டும் நிறைவாகப் பார்த்து, மிச்சம் நான்கை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பாதியில் நிறுத்தினால் தோஷம் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். கோளறு பதிகம் அதற்குத்தான் இருக்கிறது.

பயத்தைக் காசாக்குகிறவர்கள்

நவகிரகக் கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு கவலையோடுதான் வருகிறார்கள். பிள்ளைக்கு வேலை இல்லை, பெண்ணுக்கு வரன் அமையவில்லை, வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை. அந்தக் கவலை முகத்திலேயே தெரியும். அதைப் பார்த்தே பக்கத்தில் வந்து, "உங்க ராசிக்குச் சிறப்புப் பரிகாரம் செய்யணும்மா" என்று ஆரம்பிக்கிறவர்கள் கோயில் வாசல்களில் இருக்கிறார்கள்.

அர்ச்சனை, அபிஷேகம், ஹோமம் எல்லாவற்றுக்கும் கோயில் கவுன்ட்டரில் கட்டணப் பலகை இருக்கும். அதைப் பார்த்து, பணம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டால் போதும். பலகையில் இல்லாத எதற்கும் ஆயிரக்கணக்கில் எடுத்து நீட்ட வேண்டிய அவசியம் இல்லை. நாடி ஜோதிடம் பார்க்க விருப்பம் இருந்தாலும், வாசலில் கையைப் பிடித்து அழைத்துப் போகிறவர் பின்னால் போகாதீர்கள். கட்டணம் எவ்வளவு, அதற்குமேல் பரிகாரத்துக்குக் கேட்பார்களா என்பதை உட்காருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்களை அழைத்துப் போகிறீர்களா?

பத்து மணிக்கு மேல் பிரகாரக் கல் கொதிக்கும். வயதானவர்களுக்குக் கெட்டியான பருத்திக் காலுறை ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை நேரம் தவறாமல் இருக்க, சாப்பாட்டு நேரத்தை முதலில் முடிவு செய்து, அதற்கு ஏற்றபடி கோயில்களை அமைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை வசதிக்குக் கிராமக் கோயில்களை நம்பாமல், தங்கும் இடத்திலும் சாப்பிடும் இடத்திலுமே முடித்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு கோயிலிலும் தரிசனம் முடிந்ததும் கொடிமரத்தடியிலோ மண்டபத்திலோ பத்து நிமிடம் உட்கார வையுங்கள். பாட்டிக்குத் தெரிந்த கதை ஒன்று அப்போதுதான் வெளியே வரும். பேரப்பிள்ளைகளும் கேட்பார்கள்.

கிளம்பும் முன்...

* திருநாகேஸ்வரத்தில் கூட்டம் ராகு காலத்தைப் பொறுத்தது. ஞாயிறு மாலை 4.30 முதல் 6 மணி வரை ராகு காலம் என்பதால் அன்று நெரிசல் அதிகம். பாலபிஷேகம் பார்க்க வேண்டாம், நிம்மதியான தரிசனம் போதும் என்றால் வேறு நேரத்தில் போங்கள். இந்த யாத்திரையை ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறவர்கள் அன்று மாலை திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

* ஆலங்குடிக்கு வியாழன், வைத்தீஸ்வரன்கோயிலுக்குச் செவ்வாய், திருவெண்காட்டுக்குப் புதன், திருநள்ளாற்றுக்குச் சனி என்று அந்தந்தக் கிழமைகளில் கூட்டம் கூடும். நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தக் கிழமையைத் தவிர்க்கலாம்.

* பெயர்ச்சித் தேதியைப் பஞ்சாங்கம் பார்த்து உறுதி செய்யுங்கள். திருநள்ளாறு வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி என்று பரவலாகப் பேசப்பட்டபோது, வாக்கியப்படி 2026-ல்தான் பெயர்ச்சி என்று கோயில் தரப்பில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த தேதியை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

* 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. குரு சிம்ம ராசியில் இருக்கும்போது, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விழா. அதை ஒட்டிய நாட்களில் இந்தப் பக்கத்துச் சாலைகளிலும் விடுதிகளிலும் இடம் கிடைப்பது கடினம். வயதான அப்பா, அம்மாவை ஒன்பது கோயிலுக்கும் நிதானமாக அழைத்துப்போக நினைக்கிறவர்கள், அந்தக் கூட்டம் சேர்வதற்கு முன்பே, வெயில் குறைந்த தை, மாசியில் ஒரு மூன்று நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.